பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு சபையின் கடிதம்: எந்த வாசலில் தட்டுவது?

கேள்வி: ஜெர்மனியில் நாற்பது குடும்பங்கள் கூடும் தமிழ்ச் சபை எங்களுடையது. சபையார் சிலரால் இலங்கையில் இருக்கும் மனைவி, பிள்ளைகளை இங்கே அழைத்துவர முடியவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு எழுதலாம் என்கிறார் போதகர். இவ்வளவு சிறிய சபையின் குரல் அங்கே எடுபடுமா?

பதில்: எடுபடும். ஆனால் முதலில் சபையாரின் வழக்குகளைப் பிரித்துப் பாருங்கள். குடும்ப இணைவுக்கு 2003/86 என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இருக்கிறது. அதன்படி விசா தருவதும் மறுப்பதும் ஜெர்மன் அதிகாரிகள்தான். அகதி அந்தஸ்து இல்லாமல் 'துணைப் பாதுகாப்பு' நிலையில் வதிவிட உரிமை பெற்றவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுடைய குடும்ப இணைவை ஜெர்மனி 2025 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்திருக்கிறது. அவர்களுக்காகப் பேச வேண்டிய இடம் பெர்லின்.

மற்றவர்களுக்காக ஒன்றிய அமைப்புகள் இயங்கும் பிரஸ்ஸல்ஸில் பேசலாம். அங்கே திருச்சபைகள் தனித்தனியாக நிற்பதில்லை. புரொட்டஸ்டன்ட், ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன் சபைகள் நூற்றுக்கும் மேல் சேர்ந்தது ஐரோப்பியத் திருச்சபைகளின் மாநாடு (சி.இ.சி.). கத்தோலிக்க ஆயர்களுக்கு 1980 முதல் கோமேசே என்ற அமைப்பு. குடியேறிகளுக்காகவே 1964 முதல் சி.சி.எம்.இ. என்ற திருச்சபை ஆணையம் இயங்குகிறது. சி.இ.சி. பிறந்தது 1959இல், பனிப்போர்க் காலத்தில். 1964 பேரவைக்குக் கிழக்கு ஜெர்மனிப் பிரதிநிதிகள் டென்மார்க்குக்குள் வர விசா சிக்கல். அதனால் கூட்டத்தையே கடலில், 'போர்ன்ஹோல்ம்' என்ற கப்பலில் நடத்தினார்கள். விசாவால் பிரிந்து நிற்கும் வலி இந்த அமைப்புக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் சேர்த்த 17ஆம் பிரிவு, திருச்சபைகளோடு 'வெளிப்படையான, ஒளிவுமறைவற்ற, தொடர்ச்சியான' உரையாடல் நடத்த ஒன்றியத்தைக் கடமைப்படுத்துகிறது. மதம் சாராத தத்துவ அமைப்புகளுக்கும் அதே இடம் உண்டு. ஆகவே இது சலுகை அல்ல. நாடாளுமன்றத்தில் துணைத் தலைவர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒன்றியத் தலைமை நாட்டையும் சி.இ.சி.யும் கோமேசேயும் சேர்ந்தே சந்திப்பது வழக்கம்.

இதனால் என்ன நடக்கும்? உங்கள் விஷயத்திலேயே பாருங்கள். 2011 நவம்பரில், ஒன்றியச் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையம் குடும்ப இணைவுச் சட்டத்தைப் பற்றிப் பொதுக்கருத்துக் கேட்டது. விதிகளை இறுக்கச் சில அரசுகள் விரும்பிய நேரம் அது. கிறிஸ்தவ அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து பதில் கொடுத்தன. மற்றத் தன்னார்வ அமைப்புகளும் எழுதின. முடிவில் ஆணையம் சட்டத்தில் கைவைக்கவில்லை. அதை எப்படிச் செயல்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டுதலை 2014இல் வெளியிட்டது. திருச்சபைகளால் மட்டுமே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இருந்த உரிமை குறையவில்லை, அதுவே பெரிய விஷயம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் சபை ஜெர்மன் எவாஞ்சலிக்கல் சபையோடு (ஈ.கே.டி.) இணைந்தது என்றால் உங்கள் மாநிலச் சபையில் குடியேறியோர் சபைகளுக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள். ஈ.கே.டி.க்கு பிரஸ்ஸல்ஸில் சொந்த அலுவலகமே இருக்கிறது. கத்தோலிக்கர் என்றால் மறைமாவட்டம். தனிச் சபையாக இருந்தால், உள்ளூரில் எல்லாச் சபைகளும் கூடும் ஏ.சி.கே. கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

கையில் கண்ணீர்க் கதையோடு மட்டும் போகாதீர்கள். எந்த ஆவணம் கேட்டார்கள், எத்தனை மாதம் காத்திருந்தார்கள், மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணம், பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பெயரை நீக்கிவிடுங்கள், சம்மதம் வாங்குங்கள். பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்ற விவரம் உங்களைப் போன்ற சபைகளிடமிருந்துதான் அவர்களுக்குப் போக வேண்டும்.

போதகர் சொன்ன வழியையும் விட வேண்டாம். ஒன்றியத்தில் வசிக்கும் யாரும், குடியுரிமை இல்லாதவரும்கூட, நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். 24 அலுவல் மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும், ஜெர்மன் போதும். மனுக்கள் குழு அதைப் பரிசீலிக்கும். விசா மறுப்பை ரத்துசெய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதனால் மறுப்புக் கடிதம் வந்த குடும்பங்கள் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. வழக்குத் தொடரும் கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம்தான். திருச்சபைகளின் சமூக சேவை அமைப்புகளான டியாக்கோனி அல்லது காரித்தாஸ் நடத்தும் இலவச ஆலோசனை மையத்துக்கு இந்த வாரமே கடிதத்தோடு போகச் சொல்லுங்கள்.