நிலத்தடி நீரும் நடுக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பூமிக்குள் நீரைச் செலுத்தினால் அது எண்ணெய்போலப் பாறைகளை வழுக்கச் செய்து நிலநடுக்கத்தை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மழைநீரை இறக்குகிறோம். செய்தியைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மா தூங்குவதில்லை. கிணற்றை மூடிவிடலாமா?

ஒரு வாசகி, கன்னங்குறிச்சி

அன்புள்ள தங்கைக்கு,

மூட வேண்டாம். கூரைநீர் தன் எடையால் மெல்ல இறங்குகிறது. கிலோமீட்டர் ஆழத்துக்கு இயந்திரத்தால் அழுத்தி, மாதக்கணக்கில் ஏற்றுவது முற்றிலும் வேறு. சரிபார்க்காத ஒரு செய்தியை வயதான தாய்க்குப் படித்துக் காட்டியது பெரிய தவறு. இன்றே அவர் அருகில் அமர்ந்து இதைச் சொல்லுங்கள்.

‘எண்ணெய்போல வழுக்கும்’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. சிறுவயதில் ஏற்காட்டுத் தேநீர்க்கடையொன்றில், ஈரமான கற்பலகைமேல் வைத்த சூடான டம்ளர் தானாக நகர்ந்தது. தண்ணீர் வழுக்குகிறது என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல், ஆறிப்போன டம்ளரை அதே ஈரத்தில் வைத்தார், அது அசையவில்லை. சூடான டம்ளரின் அடிக்குழிவில் அடைபட்ட காற்று விரிந்து, டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது; பலகைமேல் அதன் பிடி தளர்கிறது. நிலத்தடிப் பிளவிலும் நடப்பது இதுவே. பிளவின் இரு முகங்களையும் மேலுள்ள பாறையின் பாரமும் பக்கவாட்டு நெருக்குதலும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நுண்துளைகளில் ஏறும் நீரழுத்தம் அந்த இறுக்கத்துக்கு எதிராகத் தள்ளுகிறது. இறுக்கம் குறைந்ததும், நெடுங்காலமாக அங்கே சேர்ந்திருந்த விசை பாறையை நகர்த்திவிடுகிறது. பாறையை வழவழப்பாக்குவது நீரின் வேலையன்று. பிடியைத் தளர்த்துவதே அதன் வேலை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனெனில் வழுக்கல் என்று நம்புகிறவர் நீரைக் கண்டு அஞ்சுவார், அழுத்தத்தை அளக்க மாட்டார்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு அருகே, 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் இராணுவ ஆலையின் கழிவுநீரை 1962 மார்ச்சில் செலுத்தத் தொடங்கினர்; அடுத்த மாதமே அதிர்வுகள் தொடங்கின. 1966 பிப்ரவரியில் நிறுத்திய பிறகும், ஏற்கெனவே ஏறிய அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டே இருந்தது. மிகப் பெரிய அதிர்வுகள் 1967இல்தான் வந்தன. அதே மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில், 1969 முதல் ஆய்வாளர்கள் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர்; அதிர்வுகளும் அதற்கேற்பக் கூடிக் குறைந்தன.

டென்வர் பற்றிய மேற்கண்ட பத்தி உங்களுக்காக. அம்மாவுக்கு டம்ளர் வரை படித்துக் காட்டினால் போதும்.