அப்பாவின் கலர்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். போன மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். குடும்பம் மொத்தமும் சேர்ந்து நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்தோம். பந்திக்கு நேரமாகிறது என்று போட்டோகிராபர் நாலைந்து தடவை தட்டிவிட்டு இறங்கிவிட்டார். இருப்பதிலேயே நல்ல படத்தில் அப்பா கண்ணை மூடியிருக்கிறார். அண்ணன் பையன் தலையை ஆட்டியதில் அவன் முகம் கலைந்துவிட்டது. ஓரத்தில் நிற்கும் பெரியம்மா இரண்டு மடங்காகத் தெரிகிறார். எடிட்டரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் சரி செய்யலாம் என்கிறார். சண்டையில் வராமல் போன சித்தப்பாவைக்கூடப் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்ட முடியுமாம், அம்மாவுக்கு அதில் ஆசை. தங்கை அப்பா மாதிரி நல்ல கருப்பு, அவளுக்கு மட்டும் கொஞ்சம் கலர் தூக்கித் தருகிறேன் என்றார். வரன் பார்க்கும் நேரம், அதுவும் நல்லதுதான். என் கேள்வி: இப்படி வெட்டி ஒட்டின படம் உண்மையான குடும்பப் படமா? ஒரு பொய்யைச் சுவரில் மாட்டுகிறோமோ என்று உறுத்துகிறது.

எம்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எம்.,

உறுத்த வேண்டிய இடத்தில் உங்களுக்கு உறுத்தவில்லை. அப்பா, அண்ணன் பையன், பெரியம்மா, சித்தப்பா என்று நாலு பேருக்காகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ஆளைப் போகிற போக்கில் ‘அதுவும் நல்லதுதான்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். சமீபத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் கல்யாண ஆல்பம் பார்த்தேன். மேடையில் நின்ற அத்தனை பேர் முகமும் ஒரே கோதுமை நிறம். கை மட்டும் அவரவர் கை. பெண்ணின் கன்னத்தில் மாப்பிள்ளையின் அக்கா சந்தனம் வைக்கிறார், வைக்கிற விரல் ஒரு ஊர், அந்த அக்காவின் முகம் வேறு ஊர். அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன்.

அப்பாவின் கண் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த நாலைந்தில் ஏதாவது ஒன்றில் கண் திறந்திருப்பார். அதே இடம், அதே வெளிச்சம், அதே நிமிஷம். அந்தத் தலையை எடுத்து இதில் வைக்கலாம். கண்ணை மட்டும் வெட்டி வைக்க விடாதீர்கள். கண் திறக்கும்போது புருவமும் கன்னமும் கூடவே நகரும், வெறும் கண்ணை மாற்றினால் மனிதர் மிரண்ட மாதிரி ஆகிவிடுவார். கழுத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். இதற்கு எல்லாப் படத்தின் ஒரிஜினல் ஃபைலும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொடுத்தால் அது ஏற்கெனவே பாதி சத்து போன படம். பென்டிரைவோடு போட்டோகிராபர் கடையில் போய் நில்லுங்கள்.

பெரியம்மா குண்டாகவில்லை. சின்ன மண்டபத்தில் பின்னால் போக இடமில்லாமல் வைட் லென்ஸ் போட்டிருப்பார். அதில் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். இழுத்ததைத் திரும்ப உள்ளே தள்ளலாம், அது நியாயம்தான். பையனைத் தொடாதீர்கள். அசைந்த முகத்தில் இருந்த விவரம் ஃபைலிலேயே கிடையாது. ஏஐ-யிடம் கொடுத்தால் அது கண்டுபிடிக்காது, புதிதாக வரையும். பால்பல் விழுந்து பொக்கையாகச் சிரிக்கிற பையனுக்கு வரிசையாகப் பல் வைத்துத் தரும். அவன் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தான், ஆடட்டும். சித்தப்பாவை ஒட்டுவதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

உண்மையா பொய்யா என்ற கேள்வி ரொம்பப் பழையது. 1857-லேயே இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பது சொச்சம் நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார், விக்டோரியா ராணியே ஒரு பிரதி வாங்கினார். மெட்ராஸில் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயம்தான். வெட்டி ஒட்டுவது இந்தத் தொழிலோடு சேர்ந்தே பிறந்தது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது தங்கை.

பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் கல்மண்டபம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். அங்கே டச்சிங் செய்ய ஒரு பெரியவர் இருந்தார். சாய்வான பலகை, நடுவில் கண்ணாடி பதித்த ஓட்டை, கீழிருந்து வெளிச்சம். நெகட்டிவை அதன்மேல் வைப்பார். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்குவார். பென்சில் பிடிப்பதற்காக நெகட்டிவில் ஒரு சொட்டு மருந்தைத் துணியால் தடவுவார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

அங்கேதான் ஒன்று புரிந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கருப்புப் பென்சில் வைத்த இடம் பிரிண்டில் வெளுக்கும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் அப்படித்தான் காணாமல் போகும். ஒரு இடத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால், படம் பதிந்திருக்கிற மேல்பூச்சையே கத்தியால் சுரண்ட வேண்டும். கை ஒரு இழை தவறினால் நெகட்டிவ் போச்சு. ஆகவே எல்லோரும் பென்சிலோடு நின்றுகொண்டார்கள். ஒருத்தர் முகத்தைச் சரி செய்வதும் வெளுப்பதும் ஒரே கை வேலையாகிப் போனது. உங்கள் எடிட்டர் கேட்காமலே கலர் தூக்கித் தருகிறேன் என்று சொன்னாரே, அவர் கை மவுஸில் இருக்கிறது, பழக்கம் அந்தப் பென்சிலிலிருந்து வந்தது.

ஒரு நாள் காசிமேட்டிலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் குடும்பப் படத்தை வாங்க வந்தார். சுருக்குப்பையில் பாக்கிப் பணம். படத்தைக் கையில் வாங்கியவர் பிள்ளைகளைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் தன் முழங்கையைத் திருப்பிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கையில பச்சை எங்க?”

டச்சிங் பெரியவர், “கறை மாதிரி இருந்துச்சும்மா, எடுத்துட்டேன்” என்றார்.

“எங்க ஆயா இட்டுக்கினு போய்க் குத்துனது. உன்னைய யாரு எடுக்கச் சொன்னது? மூஞ்சி வேற வெளுத்துக் கெடக்குது, எனக்கு இன்னா சீக்கா?”

பாக்கியைக் கொடுக்க மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து, டர்பன்டைனில் பஞ்சைத் தொட்டு நெகட்டிவைத் துடைக்கச் சொன்னார். பென்சில் மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது. மறுநாள் புதுப் பிரிண்டில் பச்சை இருந்தது, நெற்றிச் சுருக்கம் இருந்தது, வெயிலில் கூடை தூக்குகிற முகம் இருந்தது. பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். கத்தியால் சுரண்டியிருந்தால் அது நடந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் எடிட்டர் எதைச் செய்தாலும் தனி லேயரில், அதாவது படத்தைத் தொடாமல் அதன்மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கில் செய்யட்டும், ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ண விடாதீர்கள். இந்த வரியைப் படித்துவிட்டு உடனே அவருக்கு போன் செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே எம்.! தங்கை அப்பா மாதிரி கருப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கலர் தூக்க வேண்டும் என்று எடிட்டர் சொல்லவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. அறுபது வயது ஆம்பளைக்கு அந்த நிறம் இருக்கலாம், கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்கு இருக்கக் கூடாது, அப்படித்தானே? ஒரே படத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அவளை மட்டும் வெளுத்தால், அப்பாவோடு அவளைச் சேர்த்துக் காட்டுகிற முதல் அடையாளத்தையே அழிக்கிறீர்கள். பந்திக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஓரமாக வந்து நின்ற மாதிரி இருக்கும். அப்பாவுக்காக எடுத்த படத்தில் அப்பாவின் பங்கைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள்.

இருட்டு முகத்தைத் தூக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதையும் விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் எடிட்டர் உங்களை மடக்கிவிடுவார். மண்டபத்தில் பாதிப் பேர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேமரா தானாக வெளிச்சம் கணக்குப் போடும்போது, இவ்வளவு வெள்ளை இருக்கிறதே என்று மொத்தப் படத்தையும் அடக்கிவிடும். அதில் அடிவாங்குவது கருப்பு முகங்கள்தான். கண் தெரியாது, மூக்குத்தி தெரியாது. அது கேமராவின் குறை, தங்கையின் குறை இல்லை. அந்த இடத்தில் வெளிச்சத்தை ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். அப்பாவுக்கும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். நெற்றியையும் கன்ன மேட்டையும் பாருங்கள். கருப்புத் தோலில் வெளிச்சம் விழுந்தால் ஒரு மினுக்கு இருக்கும், முகத்துக்கு வடிவம் கொடுப்பது அதுதான். வெளிச்சத்தை ஏற்றும்போது மினுக்கு கூடும். நிறத்தை வெளுக்கும்போது மினுக்கு செத்துப்போய்ச் சாம்பல் பூத்துவிடும். பிறகு காதையும் கழுத்தையும் கையையும் பாருங்கள். முகத்தோடு ஒட்டவில்லை என்றால் எடிட்டர் எல்லை தாண்டிவிட்டார்.

குறை கருவியில் இருக்கும்போது முகத்தைத் திருத்துவது இந்தத் தொழிலில் நம் ஊரோடு நிற்கிற வழக்கமில்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி கலர் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள், அட்டைக்கே ‘ஷெர்லி’ என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். ஃபிலிமில் பழுப்பும் கருப்பும் சரியாக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் புகார் சொன்ன பிறகுதான் அதைத் திருத்துவதில் வேகம் வந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கும் நாற்காலிக்கும் கிடைத்த மரியாதை அது.

வரன் விஷயம். படத்தைப் பார்த்து வருகிறவர்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து உட்காரத்தானே போகிறார்கள்? காபித் தட்டோடு அவள் வெளியே வரும்போது அவர்கள் முகத்தில் ஓடுவதைத் தாங்கப் போவது எடிட்டர் இல்லை, நீங்களும் இல்லை. இதையெல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. சித்தப்பாவைச் சேர்க்க அம்மாவின் ஆசையைக் கேட்டிருக்கிறீர்கள். அவளை மாற்ற அவளையே கேட்கவில்லை.

உங்கள் மேல் கோபம் மட்டும் இல்லை. அப்பா கண் மூடியதற்காக இவ்வளவு அலைகிற பிள்ளை கெட்ட பிள்ளையாக இருக்க முடியாது. படத்தைப் பெரிதாகப் போடுங்கள், பன்னிரண்டுக்குப் பதினெட்டு. ஃப்ரேம் கடையில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், நம் பக்கத்து ஈரக்காற்றில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது.

தங்கையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ‘ஆமாம், தூக்கிடுங்க’ என்று அவளே சொன்னால், மறுக்க உங்களுக்கு வாய் வராது என்று தெரியும். அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தச் சண்டையை நான் அவளோடு போட்டுக்கொள்கிறேன்.