அத்தோ என்பது நூடுல்ஸ் வகையா? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

இல்லை, அத்தோ நூடுல்ஸின் பெயர் அல்ல. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அந்தப் பெயரில் விற்கும் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பர்மிய மொழியில், கையால் பிசைந்து கலந்த எந்தப் பண்டமும் அத்தோதான். பண்டத்தின் பெயரோடு சேரும்போது முன்னால் உள்ள ‘அ’ உதிர்ந்து ‘தோ’ மட்டும் நிற்கும். கவ்ஸ்வே தோ நூடுல்ஸில் செய்வது, ஜின் தோ இஞ்சியில், தமின் தோ சோற்றில், லபெ தோ புளிக்கவைத்த தேயிலையில். பழரசம் கலக்குவதற்கு இந்தச் சொல் வராது. அதற்கு ‘ப்யோ’ என்று வேறு சொல் இருக்கிறது.

நான் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவன். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு என் அத்தை குடும்பம் சென்னைக்குக் கப்பலேறியது. அத்தை மகன் சில வருடங்களுக்கு முன் இங்கே வந்திருந்தபோது, அத்தோ வாங்கித் தருகிறேன் என்று தெருவோரக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரம்மா சமோசாவை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா, வேகவைத்த கடலை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்தன. சமோசா மாவாகிவிடாமல் விரல் நுனியால் தூக்கித் தூக்கிப் பிசைந்தார். “இது அத்தோ இல்லை, என்னை ஏமாற்றாதே” என்றான் அவன். சமோசா தோ என்றால் இதுதான் என்று நானும் விடவில்லை. “அப்படியென்றால் எங்கள் ஊரில் விற்பது போலியா?” என்று கோபித்துக்கொண்டான்.

போலியே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பூண்டு வறுத்த எண்ணெய், வறுத்த கடலை மாவு, புளி, காய்ந்த மிளகாய் சேர்த்துப் பிசையும் அந்த முறை இங்கிருந்து போனதுதான். கையில் ஒன்றுமில்லாமல் போய் இறங்கியவர்கள் அதை விற்றுப் பிழைத்தார்கள். பல பண்டங்களுக்குப் பொதுவாக இருந்த பெயர் அங்கே ஒன்றுக்கு மட்டும் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். நான் பர்மிய இலக்கணம் படித்தவன் அல்ல. தினமும் பேசுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. தமிழ்நாட்டுக்கு வரும்போதெல்லாம் “பர்மாவில் இன்னுமா தமிழர்கள் இருக்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள். கப்பலேறியவர்களின் கதை தெரிகிறது. இங்கேயே தங்கிவிட்டவர்கள் யார் நினைவிலும் இல்லை. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, வீட்டிலும் கோவிலிலும்தான் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தோம். நான் இதை எழுதுவதும் அப்படிக் கற்ற தமிழில்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, ரங்கூன் வந்தால் “அத்தோ ஒன்று” என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த தோ என்று திருப்பிக் கேட்பார்கள். சென்னையில் சாப்பிட்டதுதான் வேண்டுமென்றால் கவ்ஸ்வே தோ என்று சொல்லுங்கள். கருவாட்டு இறால் பொடியும் மீன் சாறும் சேர்ப்பது வழக்கம். சைவம் என்றால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.