இன்வெர்ட்டர் தலையில முழு ட்ரெய்லரையும் கட்டாதீங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். நாங்க ஆஸ்டின்ல இருக்கோம், 30 ஆம்ப் டிராவல் ட்ரெய்லர் ஒண்ணு இருக்கு. குளிர்காலத்துல பிக் பெண்ட் நேஷனல் பார்க் போலாம்னு பிளான், அங்க காட்டன்வுட் கேம்ப்கிரவுண்ட்ல ட்ரெய்லருக்கு கரண்ட் எடுக்கிற ஹூக்கப்பும் இல்ல, ஜெனரேட்டரும் போடக்கூடாது. அதனால 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி ரெண்டும் 2000 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டரும் வாங்கிட்டேன். ஷோர் பவர் கேபிளை, அதாவது கேம்ப்கிரவுண்ட் கரண்ட்ல சொருகற ட்ரெய்லர் கேபிளை, அப்படியே இன்வெர்ட்டர் பிளக்ல சொருகினா போதும்னு ஃப்ரெண்ட் சொல்றார். அப்புறம் ஷோர் கரண்ட்டா இன்வெர்ட்டரான்னு மாத்தற டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் எதுக்கு சார்?

பதில்: சொருகினா லைட் எரியும், டிவி ஓடும், அதனாலதான் நிறைய பேர் அதோட நிறுத்திடறாங்க. ஆனா அந்த நிமிஷமே ட்ரெய்லர் பேனல்ல இருக்கிற எல்லா பிரேக்கருக்கும் கரண்ட் போயிடுது, அதுல ஒண்ணு கன்வெர்ட்டர். அதோட வேலையே 120 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட் பேட்டரிய சார்ஜ் பண்றதுதான். அப்போ பேட்டரில இருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர்ல இருந்து கன்வெர்ட்டர், திரும்ப அதே பேட்டரினு கரண்ட் சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சூடா வீணாகும், நீங்க எதையும் போடாமலே பேட்டரி இறங்கிடும். ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் கரண்ட்லயும் ஓடற டைப்பா இருந்து ஆட்டோல வெச்சிருந்தீங்கன்னா 120 வோல்ட்டைப் பார்த்ததும் அதுவா கரண்ட்டுக்கு மாறிடும், 300 வாட்டுக்கு மேல இழுக்கும். வாட்டர் ஹீட்டர்ல கரண்ட் எலிமென்ட் ஆன்ல இருந்தா அது தனிக்கதை.

உங்ககிட்ட இருக்கிறது மொத்தமா 2560 வாட் அவர்தான். 13,500 பி.டி.யு ஏசி ஓடும்போதே 1500 வாட் பக்கம் போகும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிட பல மடங்கு. அதனால ஏசிய இந்த செட்டப்ல மறந்துடுங்க. மைக்ரோவேவ், காபி மேக்கர், லேப்டாப் சார்ஜர், டிவி, இதுக்குத்தான் இந்த இன்வெர்ட்டர்.

அதனால என் யோசனை, முழு பேனலையும் மாத்தற 30 ஆம்ப் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் போடாதீங்க, சின்னதா ஒரு சப்-பேனல் (தனி பிரேக்கர் பெட்டி) போடுங்க. ஊர்ல நம்ம வீடுகள்ல ஃபேன், லைட் மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கும், மோட்டாரும் கீஸரும் இருக்காது பாருங்க, அதே யோசனைதான். மெயின் பேனல்ல 20 ஆம்ப் பிரேக்கர் ஒண்ணுல இருந்து 12 கேஜ் வயரை டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சோட ஷோர் பக்கம் கொண்டு போங்க, இன்வெர்ட்டர் அவுட்புட்டை இன்னொரு பக்கம் குடுங்க, ஸ்விட்ச்ல இருந்து வெளிய வர்றதை சப்-பேனலுக்கு. பிளக் பாயின்ட் சர்க்யூட்டும் மைக்ரோவேவும் மட்டும் சப்-பேனலுக்கு வரட்டும். கன்வெர்ட்டர், ஏசி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் மெயின் பேனல்லயே இருந்துடும், யாரும் ஞாபகம் வெச்சு பிரேக்கர் ஆஃப் பண்ண வேண்டிய அவசியமே வராது. 2000 வாட் இன்வெர்ட்டர் 120 வோல்ட்ல குடுக்கிறதே 17 ஆம்ப் பக்கம்தான், 20 ஆம்ப் கச்சிதமா பொருந்தும்.

இப்ப நியூட்ரல். ஊர் வீட்டு வயரிங் பார்த்துப் பழகினவங்க தடுக்கி விழற இடம் இதுதான், அங்க பெரும்பாலும் ஃபேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரலை பொதுவா விட்டுடுவாங்க. ட்ரெய்லர்ல அப்படி விடவே கூடாது, ஸ்விட்ச் ஹாட்டையும் (ஊர்ல ஃபேஸ்னு சொல்றது) நியூட்ரலையும் சேர்த்தே மாத்தணும். ஏன்னா கேம்ப்கிரவுண்ட் கரண்ட்ல இருக்கும்போது நியூட்ரலும் கிரவுண்டும் (ஊர்ல எர்த்) சேர்ற இடம் அவங்க சர்வீஸ் பக்கத்துலதான் இருக்கணும், ட்ரெய்லருக்குள்ள எங்கயும் சேரக்கூடாது. சேர்ந்துச்சுன்னா திரும்பிப் போற கரண்ட்ல ஒரு பங்கு கிரவுண்ட் வயர்லயும் ஓடும். இன்வெர்ட்டர்ல ஓடும்போது கதை தலைகீழ், அப்போ கரண்ட் பிறக்கிற இடமே இன்வெர்ட்டர்தான், அதனால ரெண்டும் இன்வெர்ட்டர்ல சேரணும். சேராம மிதந்துக்கிட்டு இருந்தா ஒரு ஹாட் வயர் உரசி பாடில பட்டாலும் பிரேக்கர் விழாது, தப்பு நடந்ததே உங்களுக்குத் தெரியாது.

சில இன்வெர்ட்டர்ல இந்த இணைப்பு உள்ளயே இருக்கும், சிலதுல இருக்காது. இன்வெர்ட்டரை ஆன் பண்ணி, மல்டிமீட்டர் வெச்சு அதோட நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பாருங்க, பூஜ்யம் பக்கத்துல இருந்தா சரி, 60 வோல்ட் மாதிரி காட்டினா மிதக்குதுன்னு அர்த்தம். உடனே ஒரு துண்டு வயர் போட்டு ரெண்டையும் சேர்த்துடாதீங்க, சில மாடல் அப்படிப் பண்ணா அந்த இடத்துலயே செத்துடும். மேனுவல்ல சேர்க்கலாம்னு எழுதியிருந்தா மட்டும் சேருங்க, இல்லன்னா அந்த இன்வெர்ட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு ஹார்ட்-வயர் பண்றதுக்குன்னே வர்ற மாடலா வாங்குங்க. செலவுதான், ஆனா உள்ள குழந்தைங்க தூங்கப் போறாங்க.

12 வோல்ட் பக்கத்தையும் லேசா எடுக்காதீங்க. 2000 வாட் எடுக்க பேட்டரில இருந்து 185 ஆம்ப் பக்கம் வரும். 2/0 காப்பர் கேபிள், நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க 250 ஆம்ப் கிளாஸ் T ஃப்யூஸ். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், கார் ஆடியோவுக்கு விக்கிற விலை மலிவான ஃப்யூஸ் அதை அறுத்து நிறுத்தும்னு நம்ப முடியாது. ரெண்டு பேட்டரியோட பி.எம்.எஸ்ஸும் (உள்ளயே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) தலா 100 ஆம்ப் குடுக்குமான்னும் பார்த்துக்குங்க, சிலது 50 ஆம்ப்லயே கட் ஆயிடும்.

கேள்வி: சேக்ரமென்டோல இருக்கோம், போன வாரம் சப்-பேனலும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சும் நானே போட்டேன். ஷோர் பவர்ல எல்லாம் ஓடுது. இன்வெர்ட்டருக்கு மாறினா மைக்ரோவேவ் ஓடுது, பிளக் பாயின்ட் எல்லாம் டெட். இன்வெர்ட்டர் கெட்டுப்போச்சா?

பதில்: முதல்ல இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணுங்க, சரி பண்ற வரைக்கும் போடவே வேண்டாம். மைக்ரோவேவ் ஓடறதால இன்வெர்ட்டர் மேல சந்தேகம் இல்ல. பிளக் சர்க்யூட்டோட ஹாட் வயரை மட்டும் சப்-பேனலுக்கு மாத்திட்டு வெள்ளை வயரை மெயின் பேனல் நியூட்ரல் பார்லயே விட்டிருப்பீங்க. ஷோர்ல ரெண்டு பேனலுக்கும் ஒரே நியூட்ரல், அதனால தப்பு தெரியாது. இன்வெர்ட்டருக்கு மாறினதும் கரண்ட் திரும்பி வர வழி அறுந்துடுது.

இது வெறும் டெட் பிளக் பிரச்சினை இல்லைங்க. ஏதாவது சார்ஜரோ லைட்டோ அந்த பாயின்ட்ல சொருகி இருந்தா அது வழியா ஹாட் போய் மெயின் பேனலோட நியூட்ரல் பார்ல நிக்கும். அங்க இருந்து வெளிய தொங்கற ஷோர் கேபிளோட நியூட்ரல் பின் வரைக்கும் வரும். தரைல கிடக்கிற அந்த பிளக்கை யாராவது கையில எடுத்தா ஷாக் அடிக்கும். அதனால ஷோர் கேபிளைக் கழட்டி, இன்வெர்ட்டரையும் பேட்டரி பக்கம் துண்டிச்சுட்டு, அந்த வெள்ளை வயரைத் தேடிப்பிடிச்சு சப்-பேனல் நியூட்ரல் பாருக்கு மாத்துங்க. சப்-பேனல்ல நியூட்ரல் பாரும் கிரவுண்ட் பாரும் தனித்தனியா இருக்கணும், பெட்டியோட வந்த பச்சை ஸ்க்ரூவை நியூட்ரல் பார்ல முறுக்கியிருந்தா கழட்டிடுங்க.

கேள்வி: முன்னாடி ஹிட்ச் மேல பேட்டரி பாக்ஸ் பக்கத்துலயே, கேஸ் சிலிண்டருக்குப் பின்னாடி இன்வெர்ட்டரை வைக்கலாமா? கேபிள் ரொம்ப சின்னதா முடியும்.

பதில்: வேண்டாம். இன்வெர்ட்டருக்குள்ள ரிலே பொறி அடிக்கும், பக்கத்துல ப்ரொப்பேன், சாதா லெட் ஆசிட் பேட்டரியா இருந்தா ஹைட்ரஜன் வேற. மழையும் படும். பாஸ்-த்ரூ ஸ்டோரேஜ்ல (ட்ரெய்லர் முன்பக்கம் குறுக்கே இருக்கிற சாமான் அறை) முன் சுவரை ஒட்டி வையுங்க, கேபிள் அப்பவும் சின்னதாத்தான் இருக்கும், ஃபேன் காத்து வாங்க நாலு பக்கமும் இடம் விடுங்க.

கேள்வி: இன்வெர்ட்டரும் சார்ஜரும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சும் ஒரே பெட்டில வருதே, அது வாங்கினா இந்த தலைவலி எல்லாம் இருக்காதா?

பதில்: பாதி குறையும். விக்ட்ரான் மல்டிபிளஸ் மாதிரி பெட்டில கிரவுண்ட் ரிலே உள்ளயே இருக்கு, ஷோர் வந்தா நியூட்ரலையும் கிரவுண்டையும் தானா பிரிக்கும், போனா சேர்க்கும், மாறுறதும் 20 மில்லி செகண்டுக்குள்ள. புதுசா வாங்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனா பழைய கன்வெர்ட்டரை பிரேக்கர்ல ஆஃப் பண்ணியே வெச்சிருங்க, ஏன்னா சார்ஜர் வேலைய இனிமே இந்தப் பெட்டி பார்த்துக்கும். எந்தெந்த சர்க்யூட் இதுல ஓடணும்னு பிரிக்கிற வேலை மட்டும் அப்படியேதான் இருக்கு, ஃப்ரிட்ஜை கேஸ்ல வைக்கிறதும்.