ரெய்டு பாதியிலேயே மனா காலியா? பிரீஸ்ட்டுக்கு ஒரு கணக்கு

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் விளையாட்டில் 60-ஆம் லெவல் பிரீஸ்ட் (மற்றவர்களின் உயிரை நிரப்பும் ஹீலர்) வைத்திருக்கிறேன். கில்டோடு (ஆட்டக்காரர் குழு) மோல்டன் கோர் என்ற 40 பேர் ரெய்டுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. எந்த பாஸாக இருந்தாலும் சண்டை பாதியைத் தாண்டுவதற்குள் மனா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) தீர்ந்துவிடுகிறது. எப்போதும் உயர்ந்த ரேங்க் ஹீல்தான் போடுகிறேன். கியரும் (அணிந்திருக்கும் கவசம், ஆயுதம்) மோசமில்லை, +400 ஹீலிங் இருக்கிறது. போதாக்குறைக்கு, பஃப் (குழுவைக் கொஞ்ச நேரம் வலுவாக்கும் மந்திரம்) போட வாங்கும் மெழுகுவத்தியும் கட்டுப்படியாகவில்லை. எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "எப்போதும் உயர்ந்த ரேங்க்" என்றீர்களே, அதுதான்.

கிளாசிக்கில் ஒரு மந்திரத்தின் புதிய ரேங்கைக் கற்றாலும் பழையது அழிவதில்லை. கீழ் ரேங்குக்குக் குறைந்த மனாதான் போகும். ஆனால் கியரிலிருந்து வரும் +ஹீலிங், ரேங்கைப் பார்த்துச் சேர்வதில்லை, மந்திரத்தின் அடிப்படை காஸ்ட் நேரத்தை (போட்டு முடிக்க ஆகும் நேரம்) பார்த்துச் சேர்கிறது. காஸ்ட் நேரத்தை 3.5-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தப் பங்கு. ஹீல் என்ற 3 வினாடி மந்திரத்துக்கு ஏறக்குறைய 86 சதவீதம், 1.5 வினாடி ஃபிளாஷ் ஹீலுக்கு 43 சதவீதம். டிவைன் ஃபியூரி டேலண்ட் (புள்ளி போட்டுப் பெறும் கூடுதல் திறன்) எடுத்து ஹீலை 2.5 வினாடிக்குக் குறைத்தாலும் பங்கு குறையாது. 20-ஆம் லெவலுக்கு முன்பு கற்ற ரேங்குகளுக்கு மட்டும் அபராதம் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் +400-ஐ வைத்துப் போட்டுப் பார்ப்போம். கிரிட் (தற்செயலாகக் கூடுதல் உயிர் தரும் ஹீல்), செலவைக் குறைக்கும் டேலண்டுகள் எதையும் சேர்க்கவில்லை. ஃபிளாஷ் ஹீல் ரேங்க் 7 சராசரியாக 885, அதோடு 171 சேர்ந்து 1056. செலவு 380 மனா. ஒரு மனாவுக்கு 2.8 உயிர். ஹீல் ரேங்க் 4 சராசரி 758, அதோடு 343 சேர்ந்து 1101. செலவு 305 மனாதான். மனாவுக்கு 3.6. 34-ஆம் லெவலில் கற்று மறந்துபோன மந்திரம், 56-ஆம் லெவலில் கற்றதைவிட அதிகம் ஆற்றுகிறது, அதுவும் மலிவாக! இன்னும் கீழே இறங்கி ஹீல் ரேங்க் 2-ஐ எடுத்தால் 803 உயிருக்கு 205 மனா, மனாவுக்கு 3.9.

6000 மனாவை முழுக்க ஃபிளாஷ் ஹீலில் கொட்டினால் 15 முறை போடலாம், 16,000-க்குச் சற்றுக் குறைவாக வரும். அதையே ஹீல் ரேங்க் 4-இல் செலவிட்டால் 19 முறை, 21,000-ஐத் தொட்டுவிடும். அதற்காக ஃபிளாஷ் ஹீலைத் தூக்கி எறிய வேண்டாம். அது வினாடிக்கு 700 உயிர் தரும், ஹீல் ரேங்க் 4 வினாடிக்கு 440 தான் தரும். அடுத்த அடியில் ஆள் விழப்போகிறான் என்றால் கையில் இருக்க வேண்டியது ஃபிளாஷ் ஹீல். அந்த ஆபத்து இல்லாத நேரத்தில் அதைப் போடுவதுதான் வீண்.

கிரேட்டர் ஹீலின் கதை வேறு. ரேங்க் 4-க்கு 655 மனா, சுமார் 2245 உயிர். மனாவுக்கு 3.4 என்று காகிதத்தில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் டேங்க் (பாஸின் அடியைத் தாங்கி நிற்பவர்) 1000 இழந்து நிற்கும்போது அதைப் போட்டால் 1245 காற்றோடு போகிறது, உண்மைக் கணக்கு மனாவுக்கு 1.5 ஆகிவிடும். டேமேஜ் மீட்டர் ஆட்-ஆனில் ஓவர்ஹீல் (வீணாய்ப்போன ஹீல்) என்று ஒரு பகுதி இருக்கும். அடுத்த ரெய்டு முடிந்ததும் முதலில் அதைத் திறந்து பாருங்கள். 40 பேர் ரெய்டில் பத்துப் பதினைந்து ஹீலர்கள் ஒரே டேங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓவர்ஹீலை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் உங்கள் எண் பக்கத்து பிரீஸ்ட்டைவிட எகிறி நின்றால் மனா போன இடம் அதுதான். ஆக்‌ஷன் பாரில் ஹீல் 2, ஹீல் 4, கிரேட்டர் ஹீல், ஃபிளாஷ் ஹீல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஓவர்ஹீலைக் குறைக்கப் பழகிய கைகள் செய்வது இது. டேங்க் மேல் ஹீலைத் தொடங்குங்கள். காஸ்ட் பார் முடிய அரை வினாடி இருக்கும்போது டேங்கின் உயிரைப் பாருங்கள். அடி விழுந்திருந்தால் விடுங்கள், ஹீல் போகட்டும். விழவில்லை என்றால் ஓரடி நகர்ந்து ரத்து செய்துவிட்டு உடனே மறுபடி தொடங்குங்கள். மனா கழிவது காஸ்ட் முடியும் கணத்தில்தான், தொடக்கத்தில் அல்ல. அதனால் ரத்து செய்த காஸ்டுக்குச் செலவு பூஜ்யம். அடி விழும் கணத்திலோ உங்கள் ஹீல் ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கும். 200 மில்லிசெகண்ட் பிங்கில் (இணையத் தாமதத்தில்) ஆடுகிறவர்கள் அரை வினாடிக்குப் பதில் முக்கால் வினாடிக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். கடைசி நொடியில் நகர்ந்தால் சர்வர் அதற்குள் காஸ்டை முடித்திருக்கும், மனாவும் போயிருக்கும்.

இதோடு ஒட்டியது ஐந்து வினாடி விதி. பலர் கேள்விப்பட்டிருப்பார்கள், சிலர்தான் ஆட்டத்தில் பயன்படுத்துகிறார்கள். மனா செலவான கணத்திலிருந்து ஐந்து வினாடிக்கு ஸ்பிரிட் (மனா தானாக ஊறும் வேகத்தைத் தரும் பண்பு) மூலம் வரும் மனா நின்றுவிடும். கியரில் "5 வினாடிக்கு இவ்வளவு மனா" என்று எழுதியிருப்பது மட்டும் தொடர்ந்து வரும். மெடிட்டேஷன் டேலண்டில் மூன்று புள்ளி போட்டிருந்தால் ஸ்பிரிட் வரத்தில் 15 சதவீதம் கசியும், அவ்வளவே. 250 ஸ்பிரிட் உள்ள பிரீஸ்ட்டுக்கு விதிக்கு வெளியே நின்றால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை சுமார் 75 மனா வரும். உள்ளே நின்றால் அதே நேரத்துக்குச் சுமார் 11. சில்லறைச் செலவாக மூன்று வினாடிக்கு ஒரு ரெனியூ (உயிரைச் சிறிது சிறிதாக நிரப்பும் மந்திரம்) தூவிக்கொண்டே இருப்பவர் சண்டை முழுக்க அந்த 11-லேயே வாழ்கிறார்.

அதனால் செலவைக் கொத்தாகச் செய்யுங்கள். இரண்டு மூன்று ஹீல் அடுத்தடுத்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது. சும்மா என்றால் உண்மையில் சும்மா இல்லை, ரத்து செய்யும் காஸ்டுகளைத் தொடங்கிக்கொண்டே இருக்கலாம், அவை விதியை மீறாது. இன்னொரு நுணுக்கம்: ஐந்தாவது வினாடியில் 2.5 வினாடி ஹீலைத் தொடங்கினால் அது முடியும்வரை நீங்கள் விதிக்கு வெளியேதான் நிற்கிறீர்கள், ஒரு முழு வரவு இலவசம். உடனே போய்ச் சேரும் ரெனியூவுக்கும் ஷீல்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

இன்னர் ஃபோகஸ் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த மந்திரத்தை இலவசமாக்கும். மனா செலவாகாததால் ஐந்து வினாடிக் கடிகாரமும் மறுபடி ஓடாது. ஓய்வில் நிற்கும்போது திடீரென்று பெரிய ஹீல் தேவைப்பட்டால் இன்னர் ஃபோகஸ், அதன்மேல் கிரேட்டர் ஹீல், மீண்டும் ஓய்வு. வரத்து அறுபடாது. இதைப் போய் ஃபிளாஷ் ஹீலில் செலவழிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ட்ரூயிட் ஒருவர் இன்னர்வேட் (மனா வரத்தைப் பெருக்கும் மந்திரம்) தருவதாகச் சொன்னால் மனா முழுக்கத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன 250 ஸ்பிரிட்டுக்கு அது 20 வினாடியில் ஏறக்குறைய 3750 தரும், அந்த நேரத்தில் ஐந்து வினாடி விதியும் கிடையாது. ஆகவே 3750-க்கு மேல் இடம் காலியானதும் கேளுங்கள், வாங்கிக்கொண்டே விலையுயர்ந்த மந்திரங்களைத் தாராளமாக வீசுங்கள். மேஜர் மனா போஷனும் அப்படியே. அது 1350 முதல் 2250 வரை தரும், இரண்டு நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. எனவே 2250 குறைந்த உடனே முதல் போஷன். ஆறு நிமிடச் சண்டையில் முதல் நிமிடத்திலேயே குடித்தவருக்கு மூன்று கிடைக்கும். கடைசிவரை பொத்தி வைத்தவருக்கு ஒன்றுதான்.

ரெனியூவும் ஷீல்டும். ரெனியூ ரேங்க் 9, 365 மனாவுக்கு உங்கள் கியரில் 1210 உயிரை 15 வினாடியில் தரும். மோசமில்லை, ஆனால் அடிபட்டவர்மேல் போட்டால்தான். முழு உயிரோடு நிற்பவர்மேல் ஓடும் ரெனியூ வெறும் அலங்காரம். கிளாசிக்கில் இரண்டு பிரீஸ்ட்டின் ரெனியூ ஒரே ஆள்மேல் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பவர் வேர்ட்: ஷீல்ட் 500 மனாவுக்கு ஆயிரம்கூட உறிஞ்சாது, மனாக் கணக்கில் படு மோசம். வாரியர் டேங்குக்குப் போட்டால் இன்னொரு வினையும் உண்டு. ஷீல்ட் விழுங்கிய அடிக்கு ரேஜ் (வாரியர் திறன்களுக்கான சக்தி) வராது, ரேஜ் இல்லாத டேங்க் பாஸைப் பிடித்து நிறுத்த முடியாது, பிறகு பாஸ் உங்களைத் தேடி வரும். சாகப்போகிற ஒரு மேஜ் ஆட்டக்காரரைக் காப்பாற்ற, நகர்ந்துகொண்டே யாரையாவது தாங்க, அதற்கு வையுங்கள்.

மெழுகுவத்திக்கு வருவோம். பிரேயர் ஆஃப் ஃபார்ட்டிட்யூட் ரேங்க் 2, 3400 மனாவுக்கும் ஒரு சேக்ரட் கேண்டிலுக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம் +54 ஸ்டாமினா (உயிரைக் கூட்டும் பண்பு) தரும். தனியாள் ஃபார்ட்டிட்யூட் ரேங்க் 6 அதே 54-ஐ 1695 மனாவுக்கு அரை மணி நேரம் தரும், மெழுகுவத்தி வேண்டாம். ஒரே ஒருவர் செத்து எழுந்ததற்காகக் குழு முழுவதற்கும் மறுபடி பிரேயர் போட்டால் மெழுகுவத்தி தீரத்தான் செய்யும். ஒருவர் இருவர் என்றால் தனியாளாகப் போடுங்கள், மூன்று பேராகும்போது பிரேயர். எட்டுக் குழுக்களுக்கும் நீங்கள் ஒருவரே போட்டால் 27,200 மனா, பல முறை உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். ரெய்டில் நான்கு பிரீஸ்ட் இருந்தால் ஆளுக்கு இரண்டு குழு என்று ரெய்டு லீடரிடம் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர ரெய்டுக்கு ஆறு மெழுகுவத்தி, சாவுகளுக்கு நான்கைந்து உபரி. கடையில் ஹோலி கேண்டில் என்று இன்னொன்றும் இருக்கும். அது ரேங்க் 1-க்கு. ரேங்க் 2-க்கு உதவாது. அவசரத்தில் அதை வாங்கிவிட்டு வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

கடைசியாக, மோல்டன் கோரின் முதல் பாஸ் லூசிஃப்ரான். உங்கள் மனா அங்கேயே கவிழ்ந்தால் காரணம் ஹீலாக இல்லாமல் சாபமாக இருக்கலாம். லூசிஃப்ரான் போடும் சாபம் எல்லா மந்திரத்தின் செலவையும் இரட்டிப்பாக்கும், 305 மனா ஹீல் 610 ஆகிவிடும். பிரீஸ்ட்டால் சாபத்தை எடுக்க முடியாது, மேஜும் ட்ரூயிடும்தான் எடுக்க முடியும். ஹீலர்களை முதலில் கவனிக்கும்படி அவர்களிடம் சண்டைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் வேலை, லூசிஃப்ரான் போடும் இம்பெண்டிங் டூம் என்ற மந்திரத்தை ஆட்கள்மேலிருந்து எடுப்பது. பத்து வினாடியில் எடுக்காவிட்டால் 2000 அடி. அதை எடுக்கும் டிஸ்பெல் மேஜிக்குக்குக் காஸ்ட் நேரம் இல்லை, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.5 வினாடி போகும். அதாவது பத்து வினாடிக்குள் ஆறேழு பேர்தான். இரண்டு குழுவை ஒருவரிடம் ஒப்படைத்தால் கடைசி மூன்று பேர் அடி வாங்குவது உறுதி, பிறகு அவர்களை ஃபிளாஷ் ஹீலால் தூக்கி நிறுத்த இரட்டிப்புச் செலவு. ஒரு பிரீஸ்ட்டுக்கு ஒரு குழு, மிச்சக் குழுக்கள் அதை எடுக்கத் தெரிந்த பாலடின்களுக்கு. ஹோர்ட் (ஆட்டத்தின் இரண்டு அணிகளில் ஒன்று) பக்கம் பாலடின் கிடையாது என்பதால் அங்கே பிரீஸ்ட்டுகளே இரண்டு குழுவைத் தூக்க வேண்டியிருக்கும். அப்போது குறைந்த உயிர் உள்ளவர்களிலிருந்து தொடங்குங்கள், டேங்குகளும் நல்ல உயிருள்ள வாரியர்களும் 2000 அடியைத் தாங்கிக்கொள்வார்கள்.