ஒரே ரைபிள், ஒரே வெடிமருந்து: ஒரு ரவை குவிகிறது, மற்றது சிதறுகிறது. பிழை எங்கே?

கேள்வியின் சுருக்கம் இது. பாண்டிருப்புத் தம்பி ஒருவரின் அண்ணன் குயின்ஸ்லாந்தில் லைசன்ஸ் எடுத்துக் காட்டுப்பன்றி சுடுகிறார். ரைபிள் 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது, பரலின் (குழாயின்) உட்புறப் புரிகளின் முறுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டாவைத் தானே நிரப்புகிறார். ஈயக் கருவுள்ள 150 கிரெயின் (ஒரு கிரெயின் 0.0648 கிராம்) ரவை, அதாவது தோட்டாவில் இருந்து பறந்து போகும் குண்டு, 100 மீற்றரில் மூன்று சூடும் ஓர் அங்குலத்துக்குள் விழுகிறது. அதே மருந்தை அதே நிறையில் போட்டு, 165 கிரெயின் முழுச்செம்பு ரவையை வைத்தால் நாலு அங்குலத்துக்குச் சிதறுகிறது. பரல் பழுதா, ஸ்கோப் பழுதா என்று கேட்கிறார். கூடவே, ஊருக்கு வரும்போது ஒரு டப்பா வெடிமருந்து கொண்டு வரலாமா என்றும் ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பரலும் பழுதில்லை, ஸ்கோப்பும் பழுதில்லை. அதற்கு முதல், அண்ணனிடம் உடனே சொல்லவேண்டியது ஒன்று: 150 கிரெயினுக்குச் சரிவந்த மருந்து நிறையை 165க்கு அப்படியே போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ரவை பாரம் கூடினால் அதைத் தள்ள அழுத்தமும் கூடும். செம்பு ரவை நீளமானது என்பதால் அதன் அடிப்பகுதி கோதுக்குள் (தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள்) ஆழமாக இறங்கி, மருந்துக்கு இருக்கிற இடத்தையும் குறைத்துவிடும். 308க்கு அமெரிக்க நியமம் வைத்திருக்கிற உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அதற்குக் கிட்ட நிரப்பிய 150 கிரெயின் தோட்டாவில் ரவையை மட்டும் மாற்றினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். ரவைக் கம்பனி அந்த ரவைக்கென்றே போடும் அட்டவணையில், தொடக்க நிறையில் இருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். வேறு கம்பனியின் 165 கிரெயின் அட்டவணையும் உதவாது.

இனி சிதறலுக்கு வருவோம். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம், செம்பினது 8.96. ஆகவே நிறை ஒன்றாக இருந்தால் செம்பு ரவை நீளமாகத்தான் இருக்கும். பறக்கும்போது ரவையைத் தலைகுப்புற விழாமல் வைத்திருப்பது சுழற்சி. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதை முடிவு செய்வதில் நிறையை விட நீளத்துக்குத்தான் பங்கு அதிகம். 1879இல் கிரீன்ஹில் கொடுத்த பழைய சூத்திரத்தின் சாரமும் இதுதான். இப்போது பெரும்பாலானோர் பாவிப்பது மில்லர் சூத்திரம். அதில் வரும் நிலைப்பு எண் 1.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயமில்லை. 1க்குக் கீழே போனால் ரவை பக்கவாட்டாகக் கடதாசியைக் கிழிக்கும்.

அண்ணனின் ரைபிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரவைகளின் நீளத்தை உத்தேசமாக வைத்து. 1.1 அங்குல நீள 150 கிரெயின் ஈயக்கரு ரவைக்கு 12 அங்குல முறுக்கில் ஏறக்குறைய 2.07 வருகிறது. தாராளம். 1.4 அங்குல நீள 165 கிரெயின் செம்பு ரவைக்கு 1.13தான் வருகிறது. அதே ரவை 10 அங்குல முறுக்குப் பரலில் 1.63க்கு ஏறிவிடும். 1.13 என்பது விளிம்பு. குளிர்ந்த விடியற்காலையில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இன்னும் மோசமாகும். அண்ணன் தன் ரவையைக் கலிப்பரில் அளந்து அதே கணக்கைப் போடட்டும். கடதாசியில் விழுந்த ஓட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் ஒன்றிரண்டு இருந்தால் மருந்தை மாற்றி, கோதுக்குள் ரவை இறங்கும் ஆழத்தை மாற்றி மினக்கெடுவதில் பயனில்லை. நிரப்பும் மேசையில் தீர்க்கக்கூடிய வியாதி அல்ல அது. 130 கிரெயின் செம்பு ரவை 1.2 அங்குலமளவில் இருந்தால் எண் 1.4க்குக் கிட்ட வரும். செம்பு ரவை உடைந்து நிறை இழப்பது குறைவு என்பதால் பன்றிக்கு அந்தப் பாரம் போதும். 165தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஓட்டைகள் வட்டமாகத்தான் இருக்கின்றன என்றால், அடுத்துப் பார்க்கவேண்டியது பரலின் உட்புறம். இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். சாதாரண ரவையின் உறை பெரும்பாலும் 95 சதவீதம் செம்பும் 5 சதவீதம் நாகமும் சேர்ந்த கலப்பு. முழுச்செம்பு ரவை வேறு உலோகம், வேறு மாதிரி உரசும், வேறு மாதிரிப் படியும். முதல் ரவை விட்டுப்போன படிவின் மேலே மற்றதைச் சுட்டால் முதல் பத்துச் சூடு எங்கே போகும் என்று எவராலும் சொல்லமுடியாது. ஆகவே ரவை வகையை மாற்றும்போது பரலை வெறும் இரும்பு தெரியும்வரை துடைக்கவேண்டும். செம்பு கரைக்கும் திரவத்தில் நனைத்த துணித்துண்டு நீலமாக வெளியே வரும். நீலம் நிற்கும்வரை தொடரவேண்டும். வெண்கலத் தூரிகை போட்டால் அந்தத் தூரிகையே கரைந்து நீலம் காட்டும். அதைப் பார்த்து ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் துடைத்தவர்கள் உண்டு. நைலோன் தூரிகை போடுங்கள். துடைத்த பிறகு புதிய ரவையில் ஐந்து முதல் பத்துச் சூடு விட்டுத்தான் குழுவை (ஒரே குறிக்கு விட்ட சூடுகளின் ஓட்டைக் கூட்டத்தை) எண்ணத் தொடங்கலாம்.

அடுத்தது ரவை இருக்கும் ஆழம். ரவை கோதின் வாயை விட்டு முன்னே பாய்ந்து, பரலின் புரிகளைத் தொடும்வரை ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்திலொன்றை லேத் வேலைக்காரர் தௌ என்பார்கள். இந்தப் பாய்ச்சலை அந்தக் கணக்கில்தான் அளக்கவேண்டும். 308 தோட்டாவின் முழு நீளத்துக்கு நியமம் 2.810 அங்குலம், ஆனால் அந்த எண் மகசினுக்குள் அடங்குவதற்குத்தான். ஒவ்வொரு ரவையும் நுனியை நோக்கிக் குறுகும் தோள் வளைவு வேறு என்பதால், இரண்டு வகை ரவையை ஒரே முழு நீளத்தில் ஏற்றினால் ஒன்று புரிக்கு 20 தௌ தள்ளியும் மற்றது 90 தௌ தள்ளியும் இருக்கும். மென்முனை ரவை என்றால் ஒரே பெட்டிக்குள்ளேயே நுனிகள் பத்துப் பதினைந்து தௌ வித்தியாசப்படும். அதனால் நுனியில் இருந்து அளக்கக்கூடாது. தோள் வளைவில் உட்காரும் ஒப்பளவி ஒன்றைக் கலிப்பரில் பூட்டி, கோதின் அடியில் இருந்து அளக்கவேண்டும்.

புரி எங்கே தொடங்குகிறது என்று பிடிப்பது இப்படி. அந்த ரைபிளில் சுட்ட வெறுங்கோது ஒன்றை எடுங்கள், மருந்தும் இல்லை, பிரைமரும் (கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியும்) இல்லை. கழுத்தை அளவு திருத்தும் அச்சில் (டையில்) இறுக்கிவிட்டு, மெல்லிய வாளால் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். ஓரத்துப் பிசிரைத் தேய்த்துவிடுங்கள். ரவையை விரலால் கொஞ்சம் மட்டும் உள்ளே தள்ளி, மெதுவாகப் போல்ட்டை (பரலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழை) மூடினால் புரி ரவையைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும். போல்ட்டைச் சாய்க்காமல் நேராக இழுத்து வெளியே எடுத்து அளக்கவேண்டும். ஐந்து தடவை செய்து, இரண்டு மூன்று தௌவுக்குள் ஒத்து வருகிற அளவுகளின் சராசரியை எடுங்கள். ஒரு தடவை மட்டும் நீளமாக வந்தால் ரவை புரியில் ஒட்டி இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு வகை ரவைக்கும் இதைப் புதிதாகச் செய்யவேண்டும். சோம்பல் பட்டால் பிறகு மருந்தும் ரவையும்தான் வீண்.

செம்பு ரவைக்குப் பாய்ச்சல் வேண்டும். 50 தௌவில் தொடங்கி 70, 90, 110 என்று பாருங்கள். ஈயக்கரு வேட்டை ரவைக்கு 20, 40, 60 என்று போகலாம். மகசின் இடம் கொடுக்காவிட்டால் மகசின் சொல்வதுதான் சட்டம். செம்பு ரவையைப் புரியில் முட்டவைத்து ஏற்றவே கூடாது, அழுத்தம் திடீரென்று எகிறும்.

மருந்து நிறையை 0.3 கிரெயின் படிகளில் ஏற்றிக்கொண்டு போங்கள். 0.1 கிரெயின் காட்டும் தராசு வேண்டும். மேலே காற்றாடி சுற்றும் அறையில் டிஜிற்றல் தராசை நம்பாதீர்கள், பக்கத்தில் கைத்தொலைபேசியும் வேண்டாம், பத்துத் தோட்டாவுக்கு ஒருக்கால் சோதனைப் படிக்கல்லை வையுங்கள். வேகமானி வைத்துச் சுடும்போது, அட்டவணையின் உச்ச வேகம் உச்ச நிறைக்கு முன்னமே வந்துவிட்டால் உங்கள் பரலுக்கு உச்சம் அதுதான். போல்ட் தூக்க இறுக்கமாக வருவது, பிரைமர் தட்டையாகி ஓரம் நிரம்புவது, கோதின் அடியில், கோதை வெளியே தள்ளும் ஊசியின் பளபளப்பான வட்டத் தடம் விழுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். இவை பிந்தி வருகிற அறிகுறிகள், தெரியவில்லை என்பதற்காக அழுத்தம் குறைவு என்று எடுக்கமுடியாது. நிரப்பிய தோட்டாவை வெயிலில் நிற்கிற வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் அழுத்தத்தைக் கூட்டுகிற வேலைதான்.

ஆழத்தையும் நிறையையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

கோது விசயத்தில் அதிகம் சொல்ல இல்லை. ஒரே கம்பனி, ஒரே தொகுதி, ஒரே தடவைகள் சுட்டவை. கோதின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டமுன் 2.005க்கு வெட்டி, வாயின் உட்புறப் பிசிரை எடுங்கள், இல்லாவிட்டால் செம்பு ரவையின் பக்கம் சுரண்டுப்படும். கோதின் தோளை இரண்டு தௌவுக்கு மேல் பின்தள்ள வேண்டாம். பிரைமர் கோதின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கவேண்டும்.

இனி, அந்த ‘மூன்று சூடும் ஓர் அங்குலம்’ என்பதைப் பற்றி. மூன்று சூட்டுக் குழு மிகவும் நல்ல பிள்ளை வேசம் போடும். சிதறல் அளவு மாறாத ஒரே தோட்டாவில், மூன்று சூட்டுக் குழுவின் சராசரி அகலம் 1 அங்குலம் என்றால், ஐந்து சூட்டில் அது 1.3 அளவிலும் பத்துச் சூட்டில் 1.6 அளவிலும் வரும். தோட்டா மோசமாகவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. ஆகவே இரண்டு ஆழங்களுக்கு ஒவ்வொரு மூன்று சூட்டுக் குழு சுட்டு, ஒன்று 0.9, மற்றது 1.3 என்று பார்த்துவிட்டு முதலாவதைத் தெரிவது நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஐந்து சூட்டில் வடிகட்டி, மிஞ்சுகிற ஒன்றிரண்டைப் பத்துச் சூட்டில் பாருங்கள். வேட்டை ரைபிளின் மெல்லிய பரல் சூடானால் அதுவே குழுவை விரிக்கும். தொட்டால் கை பொறுக்காத நிலைக்கு விடாதீர்கள். பன்றிக்கு 150 மீற்றரில் பத்துச் சூடும் மூன்று அங்குலத்துக்குள் விழுந்தால் தாராளம். அதற்குப் பிறகு தௌ தௌவாகத் தேடுவது பொழுதுபோக்குத்தான், தவறென்று சொல்லவில்லை.

ரவை மாறினால் குழு இறுக்கமாகவே இருந்து, இடம் மட்டும் தள்ளி விழலாம், மேலே கீழே மட்டுமல்ல, பக்கத்திலும். சூட்டின்போது பரல் அதிர்கிற விதம் ரவைக்கு ரவை மாறுகிறது. அதைச் சிதறல் என்று எண்ணி ஸ்கோப்பைக் கழற்றவேண்டாம். ஒரு வேட்டைக்கு ஒரு ரவை, அதற்கே ஸ்கோப்பைத் திருத்திக்கொள்ளட்டும்.

கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு டப்பா மருந்து கொண்டு வரலாமா? வேண்டவே வேண்டாம். இலங்கையின் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் அதை நாட்டுக்குள் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். வட்டைக் (வயல்வெளிக்) காவலுக்கு லைசன்ஸோடு சொட்கன் வைத்திருப்பவர் லைசன்ஸில் உள்ள கணக்குக்குத் தோட்டா வாங்கிக்கொள்வதோடு சரி.

இன்னொன்று. நம் பக்கத்தில் வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கை அறிந்த பழைய ஆட்கள் மருந்தை மூடியால் அளந்து போட்டுப் பழகியவர்கள். அது கரிமருந்துக்குரிய பழக்கம். கரிமருந்தைக் கன அளவில் அளப்பதுதான் வழமை. ரைபிளுக்குப் போடும் புகையில்லா மருந்து வேறு சாதி. அதே மூடி அளவை இடியனுக்குள் கொட்டினால் குழாய் தாங்காது, பின்பக்கம் பிளந்து சுடுபவரின் முகத்துக்கே வரும். டப்பா வீட்டில் இருந்தால் யாராவது ஒருவர் அதைச் செய்து பார்க்க நினைப்பார்.