டன்லப் குடும்பம், ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அயர்லாந்தின் மோட்டார்சைக்கிள் பந்தயக் குடும்பமான டன்லப்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். முதலில் ஒரு சின்னச் சந்தேகம். இவர்கள் டயர் கம்பெனி டன்லப்பின் வாரிசுகளா? என் நண்பர் ஆமாம் என்று அடித்துச் சொல்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை முழுக்கக் ‘குடும்ப அணி’ என்கிறீர்கள். ஜோயி டன்லப் ஹோண்டா வண்டி ஓட்டியவர். அவ்வளவு பெரிய கம்பெனி பின்னால் நிற்கும்போது அது எப்படிக் குடும்ப அணி ஆகும்?

அடுத்தது என்னை உறுத்திக்கொண்டே இருப்பது. ஜோயி 2000இல் போனார். தம்பி ராபர்ட் 2008இல். ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018இல். மூவருமே வண்டி ஓட்டும்போது. இன்னொரு மகன் மைக்கேல் அதற்குப் பிறகும் ஓட்டுகிறார். ‘போதும், வேண்டாம்’ என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லையா? அப்பா இறந்த இரண்டாம் நாள் மகன் ஜெயித்ததை ‘சாலையைப் பழிதீர்த்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசித்தேன்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

டயருக்கும் இவர்களுக்கும் இருப்பது வெறும் பெயர்ப் பொருத்தம். ஜான் பாய்ட் டன்லப் ஸ்காட்லாந்துக்காரர், கால்நடை மருத்துவர். 1888இல் அவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது இருந்தது பெல்ஃபாஸ்டில். பந்தய டன்லப்களின் பாலிமனியும் அதே வட அயர்லாந்தில்தான் இருக்கிறது. உங்கள் நண்பர் குழம்பியதில் தப்பில்லை.

‘பழிதீர்த்தான்’ வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஹோண்டா விஷயத்தை நான் கட்டுரையில் சரியாகச் சொல்லவில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து ஜோயிக்குப் பெரிய வண்டிகளை ஹோண்டா கொடுத்தது. 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து முறை டிடி (டூரிஸ்ட் டிராஃபி) ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை, கார் அல்ல, பெரிய மோட்டார்சைக்கிள்களுக்கான பட்டத்தை, அவர் வென்றதும் அந்த வண்டிகளில்தான். ஆனால் சின்ன வண்டிகள், அதாவது 125, 250 சிசி வண்டிகளின் கதை வேறு. அவற்றைத் தன் கொட்டகையில் அவரே பிரிப்பார், அவரே பூட்டுவார், வேனில் ஏற்றி அவரே ஓட்டிக்கொண்டு போவார். 2000 ஜூனில், 48 வயதில், ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடியில் ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை ஜெயித்தார் அல்லவா? ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு ஹோண்டா தன் உலக சூப்பர்பைக் அணியின் எஞ்சினையே கொடுத்தது. மற்ற இரண்டும் 250, 125. முடிவுப் பட்டியலில் மூன்றுக்கும் நேரே ஹோண்டா என்றுதான் போட்டிருக்கும். பட்டியலைப் பார்த்தால் கம்பெனி தெரியும், கொட்டகை தெரியாது.

இன்னொரு சம்பவம். 1985 டிடிக்காக ஐல் ஆஃப் மேனுக்குக் கிளம்பிய ஜோயி, நண்பர்களோடு ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார். டோர்னமோனா என்று அதன் பெயர். கரையை விட்டுக் கடலுக்குள் போவதற்குள், ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியிலேயே ராத்திரியில் மூழ்கிவிட்டது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். அந்த வருஷம் ஜோயி மூன்று டிடி ஜெயித்தார். நான் சொல்ல வருவது அந்த வெற்றிகளை அல்ல, படகை. உலகப் பட்டம் வைத்திருக்கும் ஒப்பந்த ஓட்டுநர் ஒருவர் ஊர்க்காரர்களோடு மீன்பிடிப் படகில் பந்தயத்துக்குப் போகிறார். ஹோண்டாவிடம் சம்பளம் வாங்கியபோதும் அவர் சேர்ந்திருந்த அணி வேறு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அந்த அணி தொடங்கியது 1969இல், மகபெரி என்ற இடத்தில், ஜோயி 199 சிசி டிரயம்ஃப் டைகர் கப் வண்டியில் ஓட்டிய பந்தயத்தில். பிறகு ஜோயி, தம்பி ஜிம், மைத்துனர் மெர்வின் ராபின்சன், நண்பர் ஃபிராங்க் கென்னடி என்று நாலு பேர் சேர்ந்தார்கள். ஆர்மாய் கிராமத்தின் பெயரை வைத்து ‘ஆர்மாய் ஆர்மடா’ என்றார்கள். ஒருவர் வண்டியை இன்னொருவர் சரிசெய்வார், சனிக்கிழமை எல்லோரும் ஒரே பந்தயத்தில் எதிரெதிராக ஓட்டுவார்கள். பணம் போட்டவர் ஜான் ரீ. ஜோயி தன் முதல் டிடியை 1977இல் ஜெயித்தது அவர் கொடுத்த யமஹாவில். அந்த வீட்டுக் கதையும் சுவாரசியமானது: ஜான் ரீயின் மகன் ஜானி 1989இல் ஒரு டிடி வென்றார், பேரன் ஜோனதன் ரீ 2015 முதல் 2020 வரை ஆறு தடவை தொடர்ந்து சூப்பர்பைக் உலக சாம்பியன். ஆனால் பேரன் ஜெயித்தது மூடிய டிராக்கில். சாலைப் பந்தயத்துக்கு அவர் வரவில்லை. அதில் ஒரு செய்தி இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள்.

சாலைப் பந்தயம் ஏன் அங்கே மட்டும் இப்படி வேர்விட்டது? காரணம் வீரம் அல்ல, சட்டம். பிரிட்டனின் பெருநிலத்தில் பொதுச்சாலையை மூடிப் பந்தயம் நடத்த நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. வட அயர்லாந்து 1922இலேயே அதற்கென்று ஒரு சட்டம் போட்டது. வயலுக்கு நடுவே போகிற சாலை, கல்சுவர், தந்திக்கம்பம், வீட்டு வாசல் எல்லாம் சேர்ந்ததுதான் பந்தயத்தடம். ஊரைச் சுற்றியே தடம் இருப்பதால் ஒரு வேனும் ஒரு கொட்டகையும் வைத்திருப்பவர் அணி நடத்தலாம். குடும்ப அணிகள் அங்கே முளைத்தது இப்படித்தான். நார்த் வெஸ்ட் 200 என்ற சாலைப் பந்தயத்தின் தடம் போர்ட்ஸ்டூவர்ட், கோல்ரெய்ன், போர்ட்ரஷ் என்ற மூன்று ஊர்களை இணைக்கும் முக்கோணம், சுமார் 14.4 கிலோமீட்டர். ஐல் ஆஃப் மேன் தடம் 60.7 கிலோமீட்டர்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்ன செய்யும் என்று தெரியாமல் ராபர்ட்டின் சாவு புரியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 125, 250 பந்தய வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துவிடுவார்கள். பிஸ்டனுக்கு மசகும் அதிலிருந்துதான், குளிர்ச்சியில் ஒரு பங்கும் அதிலிருந்துதான். கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சிறு துளை, ஒரு நம்பர் பெரிதாக இருந்தால் வண்டி மந்தம். ஒரு நம்பர் சிறிதாக இருந்தால் வேகம், ஆனால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. எஞ்சின் சீஸ் ஆவது என்பது இதுதான். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கிளட்ச்சைப் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. குளிர்ந்த காற்றுக்கு ஒரு ஜெட், வெயிலுக்கு ஒரு ஜெட். ஐல் ஆஃப் மேனில் ஒரே சுற்றுக்குள் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும், ஆனால் போட்ட ஜெட் ஒன்றுதான். காலையில் அந்த ஜெட்டைத் தேர்ந்தெடுத்த கைதான் மதியம் கிளட்ச்சின் மேல் இருக்கும். டன்லப் அணியின் வரலாறு என்று என்னைக் கேட்டால் கோப்பைகளைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

ராபர்ட் அண்ணனைவிட உடம்பில் சின்னவர், 125இல் கெட்டிக்காரர். 1994 டிடியில் பலாஃப் கிராமத்தருகே அவர் வண்டியின் பின்சக்கரம் உடைந்து விழுந்தார். வலது கையும் காலும் மோசமாகப் போயின. வலது கையால் முன் பிரேக்கைப் பிடிக்க முடியாது என்றானதும் அதை ஹேண்டில்பாரின் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 1998இல் அந்தக் கையோடு 125 டிடியை ஜெயித்தார், மொத்தத்தில் ஐந்தாவது. 2008 மே 15, வியாழக்கிழமை சாயங்காலம், நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் மேதர்ஸ் கிராஸ் அருகே அவருடைய 250 சீஸ் ஆனது.

இனி உங்கள் கேள்வி. ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருமில்லையா?

கம்பெனி அணியில் இருக்கிறார். மேலாளர் என்று ஒருவர், ஓட்டுநருக்கு உறவில்லாதவர், வண்டியைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னால் விஷயம் முடிந்தது. குடும்ப அணியில் வண்டியின் சொந்தக்காரர், மெக்கானிக், வேன் டிரைவர், மேலாளர் எல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கொள்கிற அதே ஆள். அதிகாரம் முழுக்க அவரிடமே இருக்கிறது, ஆனால் அந்த ஒரு முடிவை எடுக்க மிகவும் தகுதியற்றவரும் அவரே. வீட்டுப் பெண்கள் என்ன சொன்னார்கள், எத்தனை தடவை சொன்னார்கள் என்பதற்குள் நான் போகமாட்டேன். அது வெளியாருக்கான இடம் இல்லை.

2008இல் ‘வேண்டாம்’ சொல்லப்பட்டது, நடத்துபவர்கள் பக்கத்திலிருந்து. ராபர்ட்டின் மகன்கள் இருவரும் சனிக்கிழமைப் பந்தயத்தில் ஓட்டுவதை அவர்கள் தடுக்கப் பார்த்தார்கள். இருவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து தொடக்கக் கோட்டில் நின்றுவிட்டார்கள். அத்தனை ஜனத்தின் முன்னால் யார் போய் அவர்களை அப்புறப்படுத்துவது? வில்லியமின் வண்டி பந்தயம் தொடங்குமுன்பே பழுதானது. மைக்கேல் ஓட்டினார், ஜெயித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

இது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல என்பதைக் கட்டுரை எழுதும்போது நான் கவனிக்கவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆர்மாய் நால்வரில் ஃபிராங்க் கென்னடி 1979 நார்த் வெஸ்டில் அடிபட்டு இறந்தார். மெர்வின் ராபின்சன் 1980 மே மாதம் அதே பந்தயத்தில். அடுத்த மாதமே ஜோயி டிடியில் ஜெயித்தார். மைத்துனரைப் புதைத்த கையோடு. 2008இல் பையன்கள் செய்ததை அந்த வீடு இருபத்தெட்டு வருஷம் முன்பே ஒருமுறை செய்திருக்கிறது. ‘வேண்டாம்’ என்பதைவிட ‘அன்றைக்கே போனார் பார்’ என்பதற்கு வீட்டில் பழைய முன்மாதிரி இருந்தது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. சில குடும்பங்களில் துக்கம் காக்கும் முறையே தொழில் வழியாக வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஓட்டியவர்களில் ஒருவர் மட்டும் ‘வேண்டாம்’ என்று சொன்னார். வில்லியம். 2018 டிடியிலிருந்து, கர்ப்பமாயிருந்த துணைவியுடன் இருக்க வேண்டும் என்று, தானாகவே விலகி வீடு திரும்பினார். டிடியை ஒருமுறைகூட ஜெயிக்காதவர், அதை விட்டுவிட்டுப் போனார். ஜூலை 7ஆம் தேதி, டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் பந்தயப் பயிற்சியில் இறந்தார். இந்த இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜோயியின் வேனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வண்டிகளைப் பந்தயத்துக்கு ஏற்றிப் போன அதே மாதிரி, சாப்பாட்டுப் பொருளும் துணியும் ஏற்றிக்கொண்டு ருமேனியா, அல்பேனியா, போஸ்னியா அனாதை விடுதிகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப் போகமாட்டார். 1996இல் அதற்காக அவருக்கு அரசு விருது கிடைத்தது. 2000 ஜூலையில் எஸ்தோனியாவின் டாலினுக்குக் கிளம்பியதும் அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்: பெரிய பந்தயம் இல்லை, பெரிய பணம் இல்லை, வேனை எடுத்துக்கொண்டு ஒரு தூர தேசம். ஜூலை 2ஆம் தேதி, மழையில், 125 பந்தயத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது வழுக்கி மரத்தில் மோதினார். பாலிமனியில் இறுதி ஊர்வலத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். ஊரின் ஜனத்தொகையைவிடப் பல மடங்கு.

மைக்கேலைப் பற்றியும் ஒரு சொல். பெரியப்பாவின் 26 டிடி வெற்றிகளை 2024இல் தாண்டினார். இருபத்தாறைத் தொட்ட மறுநாள் சூப்பர்பைக் பந்தயத்தில் நன்றாக முந்தியிருந்தார். பிட்டில், அதாவது நடுவே பெட்ரோல் நிரப்ப நிறுத்தும் இடத்தில், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி சரியாகப் பொருந்தாமல், வழியில் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஜெயித்திருக்க வேண்டிய பந்தயம் ஒரு கண்ணாடியில் போனது. இருபத்தேழாவது வந்தது இரண்டு நாள் கழித்து, பேட்டன் என்ற இத்தாலிய வண்டியில். மொண்டியால் என்ற இத்தாலிய மோட்டார்சைக்கிள் கம்பெனி 1957இல் பந்தயத்தை நிறுத்தியபோது அங்கிருந்த மெக்கானிக் ஜுசெப்பே பட்டோனியும் பொறியாளர் லீனோ டோன்டியும் தங்கள் பெயர்களின் முதல் துண்டுகளை ஒட்டி உண்டாக்கிய பெயர் அது. டோன்டி சீக்கிரமே விலகிப் போனார். பட்டோனி 1999இல் சாகும்வரை விடவில்லை, பிறகு மகன் ரொபெர்டோ பிடித்துக்கொண்டார். இப்போது கைமாறிவிட்டது. ஜோயியின் கணக்கைத் தாண்டிய வண்டியும் ஒரு அப்பனும் மகனும் வைத்திருந்த பட்டறையிலிருந்து வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரையில் இதைச் சேர்க்க மறந்துபோனேன்.

அந்த வரி. நீங்கள் மூடி வைத்தது நியாயம். சாலைக்கு ராபர்ட்மேல் பகை கிடையாது, பழி என்று ஒன்றும் இல்லை. நான் பத்தியை முடிக்க ஒரு சொல் தேடினேன், கிடைத்தது, போட்டுவிட்டேன். அதை எடுத்துவிட்டேன். இப்போது கட்டுரையில் அந்த இடத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘சனிக்கிழமை 250 பந்தயத்தில் மைக்கேல் முதலிடம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அடக்கம்.’

அன்புடன்.